ஓடுகாலிகள்

தமிழில் ஓடுகிற பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு: ஓடுகாலி. வீட்டை விட்டுப் போனவள், அடங்காதவள், ஓரிடத்தில் கால் தரிக்காதவள் என்று பொருள். 'அவ ஓடிப்போயிட்டா' என்று ஊர் சொன்னால், எவ்வளவு தூரம், எத்தனை நிமிடத்தில் என்று எவரும் கேட்பதில்லை. யாரோடு என்றுதான் கேட்பார்கள்.

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். பெண்ணின் நடைக்கு நம் புலவர்கள் தந்த உவமைகள் எண்ணி மாளாது. அன்னம், மயில், பிடி. காதலனோடு பாலை வழியே போய்விட்ட மகளை நினைத்து அழும் தாய்கூட அவளுடைய மெல்லிய பாதங்களை நினைத்துத்தான் அழுகிறாள். அந்தப் பாதங்கள் காட்டையே கடந்துவிட்டன என்பது அவளுக்கு உறைப்பதில்லை.

கொடியிடையாளுக்கே இந்தக் கதி என்றால் குண்டான பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 'பூசினாற்போல', 'சற்றே பருமனான' என்றெல்லாம் மெழுக எனக்கு விருப்பமில்லை. குண்டு என்றே சொல்கிறேன். அவளுக்கு உவமை கிடையாது, நகைச்சுவைக் காட்சி உண்டு. சினிமாவில் அவள் ஓடி வந்தால் பின்னணியில் மேளம் அடிப்பார்கள், அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும், நாயகன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவான். அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள்தான் இன்று மைதானத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கிறார்கள்.

நான் ஓடத் தொடங்கியபோது வயது 44, எடை 86 கிலோ. "மொதல்ல ஒரு பதினஞ்சு கிலோ கொறைங்க மேடம், அப்புறம் ஓடலாம்" என்றார் உடன் பணிபுரியும் ஒருவர். அவர் ஓடுபவர் இல்லை. அவருக்கும் தொப்பை உண்டு, ஆனால் ஆலோசனை சொல்ல அது ஒரு தடையாக இருக்கவில்லை. எடை குறைய வேண்டுமானால் ஓடு, ஓட வேண்டுமானால் எடையைக் குறை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். (அந்தப் பழமொழியோடு எனக்கு வேறு வழக்கு உண்டு. இங்கே வேண்டாம்.)

இந்த அறிவுரை அறிவியலாகவும் நிற்காது. 1996இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் புதிதாக ஓடுகிறவர்களுக்காக ஒன்பது வாரத் திட்டம் ஒன்று வகுத்தார். 'கௌச் டு ஃபைவ் கே' என்று பெயர். சோபாவில் உட்கார்ந்திருப்பவரை ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மறுபடி ஓட்டம், மறுபடி நடை என்று இருபது நிமிடம். உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் பின்பற்றும் திட்டம் இது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'ஓட்டமும் நடையுமாக' என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வது இதைத்தானே? எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக ஒரு பெண் போகும் வேகம் அது. பேருந்துக்கு ஓடலாம். ரேஷன் கடைக்கு ஓடலாம். தூறல் விழுந்தால் துணி எடுக்க மொட்டைமாடிக்கு ஓடலாம். அப்போதெல்லாம் அவளுடைய எடையை யாரும் கேட்டதில்லை. தனக்காக ஓடும்போதுதான் முழங்கால் தேய்ந்துவிடுகிறது.

முழங்காலைப் பற்றிப் பேசிவிடுவோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்கும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு. கனத்த உடலுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு சரியாகிவிட்டது என்று காலை அவசரப்படுத்தினால் வலி வரும். அதனால் முதல் வாரத்தை நான்கு வாரம் செய்தேன், ஒன்பது வாரத் திட்டம் எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போதே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். அந்த வேகத்தில் நடப்பவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

ஆனால் மருத்துவர் நம்மைப் பார்க்க வேண்டுமே. கணுக்கால் வலி என்று ஒருவரிடம் போனேன். எடைபார்க்கும் கருவியைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், கணுக்காலைத் தொடவே இல்லை. "வெயிட்தாம்மா" என்றார். என் எடையை என் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து அவர் எழுதிய அந்த எண்ணின் மூலம் 19ஆம் நூற்றாண்டுப் பெல்ஜியத்தில் இருக்கிறது. அடால்ஃப் கெத்தலே என்ற வானியலாளர், புள்ளியியலாளர், 'சராசரி மனிதன்' யார் என்று தேடியபோது கண்ட கணக்கு. தனி ஒருத்தியின் உடல்நலத்தைத் தீர்ப்புச் சொல்ல அவர் அதை உண்டாக்கவில்லை. 'பிஎம்ஐ' என்ற பெயர் 1972இல்தான் வந்தது. மக்கள்தொகையை அளக்க அது பயன்படும், என் கணுக்காலுக்குப் பயன்படாது.

மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 விழுக்காட்டுப் பெண்கள் அதிக எடையோ உடல்பருமனோ உடையவர்கள். இந்த எண்ணைக் கேட்டவுடன் ஒரு பட்டிமன்றக் குரல் எழும்: "அம்மியும் ஆட்டுக்கல்லும் போச்சு, மிக்ஸியும் சீரியலும் வந்துச்சு, பெண்களுக்கு நோயும் வந்துச்சு." அதே கணக்கெடுப்பில் ஆண்களின் விழுக்காடு 37. மூன்று விழுக்காடு சொச்சம்தான் வித்தியாசம். எந்த ஆணையும் யாரும் ஆட்டுக்கல்லுக்கு அனுப்பவில்லை. அவர்களை ஜிம்முக்கு அனுப்புகிறார்கள்.

அம்மி அரைத்த காலத்துப் பெண்களை நானும் பார்த்திருக்கிறேன். என் அப்பத்தா ஐம்பது வயதில் தரையில் கையூன்றித்தான் எழுந்திருப்பார். குனிந்தும் குந்தியும் செய்த வேலை அவருடைய முதுகையும் முழங்காலையும் தின்றது. களைப்பு மிஞ்சியது, அவ்வளவுதான். உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. பயிற்சியில் எப்போது நிறுத்துவது என்பதை நாம் முடிவு செய்கிறோம். ஆட்டுக்கல்லில் அதை முடிவு செய்தது வீட்டிலிருந்த வாய்களின் எண்ணிக்கை.

2023இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் அமைத்தது. நல்ல திட்டம். 8 கிலோமீட்டரை வேகமாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா? நான் ஓடும் மைதானத்தில் அந்த நேரத்தில் ஓய்வுபெற்ற ஆண்கள், வேலைக்குப் போகும் ஆண்கள், காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள். பெண்கள் ஆறேழு பேர். பெரும்பாலும் பிள்ளைகள் வெளியூர் போய்விட்டவர்கள். சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக நடக்கும் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இவர்களைத்தான் பிடிக்கும். பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்கிறது. சாவி எங்கே என்று கேட்டால் "லேடீஸ் யாரும் வர்றதில்லம்மா, அதான் பூட்டிட்டோம்" என்கிறார் காவலாளி. பூட்டியிருப்பதால்தான் வருவதில்லை என்பதை அவருக்கு விளக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மாதவிலக்கு நாட்களில் ஓட வருகிறவள் எங்கே போவாள் என்று நான் கேட்டதும் அவர் வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

உள்ளாடையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பெருத்த மார்பகங்களோடு சாதாரண பிரா அணிந்து ஓடினால் வலிக்கும். தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் நாளே நின்றுவிடக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, இதுதான். 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், விளையாடும் ஆண்கள் உள்ளே அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டைச் சேர்த்துத் தைத்து, ஓடுகிறவளுக்கான முதல் பிராவை உண்டாக்கினார்கள். ஆணுக்கு எப்போதோ கிடைத்துவிட்ட பாதுகாப்பை வெட்டி ஒட்டித்தான் பெண்ணுக்கானதைச் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் எங்கள் ஊர்க் கடைகளில் என் அளவு இல்லை. "உங்க சைஸ்ல இதெல்லாம் யாரும் கேக்கறதில்லக்கா" என்கிறாள் விற்பனைப் பெண். கழிப்பறைக் காவலாளியின் அதே வாக்கியம். தொடை உரசிப் புண்ணாவதற்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொண்டு, முழங்கால்வரை இறுக்கமான கால்சட்டையை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடுங்கள்.

ஓட வருகிற பெண்ணிடம் உடல் தகுதிச் சான்று கேட்பது புதிதல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் அவர்கள் களைத்துக் கிடந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின, அந்தப் பந்தயம் 1960 வரை திரும்பவில்லை. 1967 பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் சுவிட்சரின் மேல் பாய்ந்து எண்ணைப் பிடுங்கப் பார்த்தார் ஒரு நிர்வாகி. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் வந்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனையைக் காட்டி அவருடைய பதக்கத்தைப் பறித்தார்கள். ஒருத்தி ஓட முடியாத அளவுக்குப் பலவீனமானவள், இன்னொருத்தி போதிய அளவுக்குப் பெண்ணில்லை, மூன்றாமவள் குண்டு. சான்று தருகிற இடத்தில் இருப்பவர்கள் மட்டும் மாறுவதில்லை.

அதே புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள். அசிங்கமான பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே கற்றார்கள். யாரும் அவர்களிடம் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கவில்லை. சைக்கிள் அவர்களை எங்கோ கொண்டுபோனது, அதனால்.

தோழிகள் சிலருக்கு வேறொரு மறுப்பு உண்டு. ஓட்டம், ஜிம் எல்லாம் சந்தை விற்கும் மெலிவு; ஆண் பார்வைக்கு உடலைச் செதுக்கும் வேலை; பெண்ணியவாதி அதற்கு ஏன் பணிய வேண்டும்? விளம்பரங்களைப் பற்றி அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. அதற்காக மைதானத்தையும் சந்தைக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டுமா? உடலை உள்ளபடி நேசி என்று சொல்லிவிட்டு அதை நாற்காலியிலேயே வைத்திருப்பது என்ன நேசம்? இரண்டு ஆண்டுகளில் நான் மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். "மெலிஞ்சிட்டீங்களே!" என்று பாராட்ட வருகிறவர்களிடம் "இல்லையே, 83" என்கிறேன். ஏமாந்து போகிறார்கள். மூன்று மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்காமல் நேரே பாடத்தைத் தொடங்குகிறேன் என்று சொன்னால் அது அவர்களுக்கு ஒரு செய்தியாகவே படுவதில்லை. 35 நிமிடம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாத ஓர் இடம் எனக்கு வாய்த்திருக்கிறது என்பதும் அப்படித்தான்.

என் மாணவிகள் நான்கு பேர் என்னோடு ஓட வருகிறோம் என்றார்கள். இருவர் என்னைப் போலவே குண்டு. விடுதியில் தங்கியிருப்பவர்கள். பெண்கள் விடுதிக் கதவு காலை ஆறரைக்குத் திறக்கும். ஆண்கள் விடுதிக்குக் கதவு நேரம் என்று ஒன்று இல்லை. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றது நிர்வாகம். எழுத்தில் கேளுங்கள் என்றேன். ஐந்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும், மைதானத்தின் கிழக்கு மூலையில் விளக்கு வேண்டும், கழிப்பறைச் சாவி எங்கள் கையில் வேண்டும் என்று எழுதி 61 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்த பேராசிரியர் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், 'எங்கள் உடல்நலத்தையும் எடையையும் கருத்தில் கொண்டு' என்று ஒரு வரி சேர்த்தால் உடனே அனுமதி கிடைக்கும் என்றார். அவர்கள் சேர்க்கவில்லை. பொருள் என்ற இடத்தில் 'ஓடுவதற்காக' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.