கேட்பவர் தரட்டும் மதிப்பெண்

சித்தூர், திருப்பதி வட்டாரக் கல்லூரிகளில் 'தொடர்பாடல் திறன்' என்றால் பெரும்பாலும் மூன்றையே பொருள்கொள்கிறோம்: பிழையற்ற ஆங்கிலம், தன்விவரக் குறிப்பு, நேர்காணல் பயிற்சி. இவை வேலையைப் பெற உதவும். அந்த வேலையைச் செய்ய உதவுமா என்பதே என் ஐயம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருந்தகத்தில் நின்றிருந்தேன். பயிற்சியில் இருந்த இளைஞர், எல்லையோரச் சிற்றூரிலிருந்து வந்த மூதாட்டியிடம் நல்ல தமிழிலேயே, "சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை" என்றார். அவரும் தலையசைத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "மத்தியானம் சோத்துக்கு முன்னாடிதானே தம்பி? காலையில பலகாரந்தானே தின்னுறோம்" என்றார். அதுவோ காலை உணவுக்கு முன் உட்கொள்ள வேண்டிய சர்க்கரை நோய் மாத்திரை. இளைஞரின் மொழியில் பிழையில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் வழக்கில் இட்லி 'சாப்பாடு' ஆகாது என்பதை எந்தப் பாடமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது எல்லைக்கோடு நகர்ந்தது. மக்களின் பேச்சு நகரவில்லை. இங்குள்ள மருத்துவமனைகளில் இன்றும் தெலுங்கும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன.

மருத்துவக் கல்வி இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 2019இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாடல் ஆகியவை தனிப் பகுதியாக இடம்பெற்றன. தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியும் உண்டு. ஆனால் மருந்தாளுநரும் செவிலியரும் கால்நடை மருத்துவரும் வேளாண் பட்டதாரியும் இதே மக்களிடம்தானே பேசப்போகிறார்கள்?

ஆங்கிலம் வேண்டாம் என்பது என் வாதமன்று. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் நான் அவ்வாறு சொல்லவும் இயலாது. என் முன்மொழிவு எளியது. செய்முறைத் தேர்வில் மாணவர் தம் துறைச் செய்தி ஒன்றை, அத்துறை அறியாத ஒருவருக்குத் தெலுங்கிலோ தமிழிலோ விளக்கட்டும். கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். அவர் சரியாகச் சொன்ன அளவே மாணவரின் மதிப்பெண்.

"புரிந்ததா?" என்று கேட்டால் தலையசைப்புத்தான் கிடைக்கும். "எப்போது போட்டுக்கொள்வீர்கள், சொல்லுங்கள் பாட்டி" என்று கேட்டிருந்தால், அந்த மருந்தகத்திலேயே பிழை திருந்தியிருக்கும். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்காத பயிற்சியைத் 'தொழில்முறைத் தொடர்பாடல்' என்று நாம் அழைக்கலாமா?