கல்லூரி மாணவரும் கையடக்கக் கணினியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அறிவொளி இயக்கத்தினர் சிற்றூர்ப் பெண்களுக்கு எழுத்தறிவு புகட்டியதோடு நில்லாது, மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தனர். அந்நாளில் மாவட்ட ஆட்சியராக விளங்கிய ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு உறுதுணையாக நின்றார். வயல்வேலைக்குச் செல்வோரும், கல்லுடைக்கும் பெண்களும், அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஏறினர். பெண்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் கடைகளில் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆதலால் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டிகளையே கைக்கொண்டனர். ஓட்டிப் பழகியபின் அவர்களுள் சிலர், பெண்கள் வண்டி கிடைத்தாலும் வேண்டா என்றனர். காரணம் எளியது. ஆண்கள் வண்டியில் இருக்கையிலிருந்து கைப்பிடிவரை ஓர் இரும்புக் குழாய் நீண்டிருக்கும். அதன்மேல் ஒரு குழந்தையை அமர்த்திச் செல்லலாம். பெண்கள் வண்டி ஏறுவதற்கு எளிது, பார்வைக்கும் அழகிது. ஆயினும் அதில் அக்குழாய் இல்லை. அப்பெண்கள் வண்டியின் தோற்றத்தைக் கொண்டு அதை மதிப்பிடவில்லை. நாள்தோறும் தாம் கொண்டுசெல்லும் சுமையைக் கொண்டே மதிப்பிட்டனர்.

அதே மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்நாளில் வேறொரு கருவியைப் பற்றி இத்தகையதொரு வினா எழுந்துள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியிற் சேரும் பிள்ளைக்கு ஒரு கணினி வேண்டும். விரித்து மூடும் மடிக்கணினியை வாங்குவதா? அன்றி, மக்கள் ‘டேப்’ என்று வழங்கும் கையடக்கக் கணினியை வாங்குவதா? 2025 மார்ச்சு 14-ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கையைப் படித்த அமைச்சர் தங்கம் தென்னரசு, இரண்டாண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கு அவரவர் விருப்பப்படி கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவித்தார். அன்று இவ்வினா ஊரறிந்த வினாவாயிற்று. 2026 சனவரியில் வழங்கத் தொடங்கியபோது மாணவர் கைக்கு வந்தது மடிக்கணினியே. எனினும் வினா தீர்ந்தபாடில்லை. அரசு வழங்கும் வரிசையில் இடம்பெறாதோரும், முதலாண்டிலேயே கருவி வேண்டுவோரும் தம் பணத்தைக் கொண்டே வாங்குகின்றனர்.

கீரமங்கலத்துப் பக்கம் பூந்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் மல்லிகையும் முல்லையும் பறித்துச் சந்தைக்கு அனுப்பிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. மகள் புதுக்கோட்டைக் கல்லூரியொன்றில் வணிகவியல் படிக்கப் போகிறாள். தந்தையும் மகளும் கீழராச வீதியில் ஒரு கடைக்குள் நுழைகின்றனர். ஒருபுறம் மடிக்கணினி, விலை மிகுதி, எடையும் மிகுதி. மறுபுறம் கையடக்கக் கணினி. விலை குறைவு, பைக்குள் நூலோடு நூலாக அடங்கிவிடும். கடைக்காரர் இதிலும் எல்லாம் செய்யலாம் என்கிறார். அக்குடும்பம் இத்தகைய கருவியை ஒரு முறைதான் வாங்க இயலும். தேர்வு தவறுமாயின் மூன்றாண்டுப் படிப்பும் அத்தவற்றோடே நடந்தேறும்.

கையடக்கக் கணினியை இகழ்ந்து பேசுதல் நேர்மை ஆகாது. அதன் எடை ஏறத்தாழ அரைக் கிலோகிராம். மடிக்கணினியின் எடையோ பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகிராமுக்குக் குறைவதில்லை. கறம்பக்குடியிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ நாள்தோறும் பேருந்தில் நின்றுகொண்டே வரும் மாணவர் தோளுக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். படிப்பதற்கு அதனினும் ஏற்ற கருவி அரிது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் இணையத்தில் இட்ட பழந்தமிழ் நூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அதன் திரையில் தாள்போல் விரியும். கண்பார்வை குறைந்தவர் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். அதற்குரிய எழுதுகோலைக் கொண்டு தாவரவியல் மாணவர் படம் வரைந்து உறுப்புகளைக் குறிக்கலாம். கணித மாணவர் வழிமுறைகளைக் கையாலேயே எழுதலாம். மின்சாரமும் அதற்கு மிகுதியாக வேண்டுவதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, இம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பல நாள்கள் இருளிற் கிடந்தன. அத்தகைய நாளில், கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறிய மின்கலப் பெட்டியைக் கொண்டே இக்கருவியை உயிர்ப்பித்துவிடலாம்.

இவ்வளவு நலம் உடையதாயினும், மாணவர்க்கு உள்ள ஒரே கணினியாக அது நிற்கும் தகுதி உடையதா என்பதே வினா. அதற்கு விடை காணவேண்டுமாயின், கல்லூரி மாணவரின் வேலை யாது என்று முதலில் கேட்டல் வேண்டும். பள்ளியில் பிறர் எழுதியதைப் படித்தலே பெரும்பகுதி. கல்லூரியிலோ படித்ததைக் கொண்டு தாமே ஒன்றை எழுதவேண்டும். கட்டுரை, செய்முறைக் குறிப்பு, கணக்குப் பட்டியல், இறுதியாண்டில் ஆய்வேடு என அவ்வெழுத்து ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே செல்லும். பழைய திண்ணைப் பள்ளிகளிலும் இம்முறை இருந்தது. மாணவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். கை தேறியபின் ஓலையையும் எழுத்தாணியையும் பெற்றான். தான் கற்கும் நூலைத் தானே படியெடுத்துக்கொண்டான். (கண்ணாடித் திரையை விரலால் தேய்க்கும் இக்கால மாணவரைக் காணின், மணலில் எழுதிய அக்காலச் சிறுவனின் நினைவு வாராமற் போகாது.) மதுரைத் திட்டத்து நூல்களும் தாமாகத் திரையில் தோன்றவில்லை. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் விசைப்பலகையின்முன் அமர்ந்து, தம் ஓய்வுப் பொழுதில் எழுத்தெழுத்தாக அடித்துச் சேர்த்தமையாலேயே அவை இன்று படிப்போர் கைக்கு எட்டுகின்றன.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை அமைப்பு வகுக்கப்பட்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளுக்கே அதில் விசைகள் உள. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்யும் உயிரும் அடுத்தடுத்துத் தட்டப்பட உயிர்மெய் தானே உருவாகும். தமிழ் இலக்கணத்தின் இயல்பையே கருவி பின்பற்றுகின்றது எனலாம். சில திங்கள் பழகியவர் விசைகளை நோக்காமலே பத்து விரலாலும் எழுதுவர். கண் திரையில் இருக்கும், எண்ணம் கருத்தில் இருக்கும். கண்ணாடித் திரையிலோ விசைகளின் வரம்பு விரலுக்குப் புலனாவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கண் கீழே இறங்கி ஏறவேண்டும். திரையில் தோன்றும் விசைப்பலகையே திரையின் பாதியை மறைத்துவிடுவதால், மேலே எழுதிய வரிகளும் கண்ணுக்கு அகப்படா. நான்கு வரிச் செய்தி அனுப்புவதற்கு இது போதும். நாற்பது பக்க ஆய்வேட்டிற்குப் போதாது. பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி உண்டே என்பர் சிலர். உண்டு, ஆனால் ஒற்று மிகுமிடத்தும் லகர ளகர ழகர வேறுபாட்டிலும் அது அடிக்கடி பிழைபடுகின்றது. அப்பிழைகளைத் திருத்துதற்கு மீண்டும் விசைப்பலகையே வேண்டும்.

பாடத்திற்குரிய மென்பொருள்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கையடக்கக் கணினிகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்குவன. வணிகவியல் மாணவர் பழகவேண்டிய டாலி என்னும் கணக்கு மென்பொருள் விண்டோசு இயங்குதளத்திற்கு எழுதப்பட்டது. அதை ஆண்ட்ராய்டுக் கருவியில் நேரே நிறுவ இயலாது. பொறியியல் மாணவர்க்குரிய ஆட்டோகேடு அக்கருவிகளில் சுருங்கிய வடிவிலேயே கிடைக்கும். கணினி அறிவியல் மாணவர் நிரல் எழுதிப் பழகுவதற்கோ அது பெரிதும் இடர் தரும்.

இரு கருவிகளையும் நாடு ஒருமுறை அருகருகே கண்டதுண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று வாரத்திற்குள், அக்டோபர் 5-ஆம் நாள், தில்லியில் நடுவணரசின் அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்னும் கையடக்கக் கணினியை வெளியிட்டார். மூவாயிரம் ரூபாய்க்கும் குறைந்த விலையில் கல்லூரி மாணவர் யாவர்க்கும் ஒரு கணினி என்பது அதன் நோக்கம். உயர்ந்த நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் திரை 7 அங்குலம்; நினைவகம் 256 மெகாபைட்டு; விரலை அழுத்தினாலன்றித் திரை உணராது. அடுத்த ஆண்டே திருத்திய வடிவம் ஒன்று வந்தும், அது மாணவரின் நிலைத்த துணையாகவில்லை. தமிழகத்து மடிக்கணினியோ பல இலட்சம் வீடுகளை அடைந்தது. அதிலும் குறைகள் இருந்தன. சில பெட்டிகள் பழுதாகி மூலையிற் கிடந்தன, சில திரைப்படம் பார்க்கவே பயன்பட்டன. எனினும், அதைப் பயன்படுத்த விரும்பிய மாணவரை, இவ்வேலை என்னால் ஆகாது என்று அக்கருவி தடுக்கவில்லை. ஆகாஷின் தளர்ச்சிக்கு மலிவான உறுப்புகளும் ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது. இன்றைய கையடக்கக் கணினிகள் அதனினும் பன்மடங்கு வலியன.

அங்ஙனமாயின் வலிய கையடக்கக் கணினியோடு தனி விசைப்பலகை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். அதுவே இக்கருவியை ஆதரிப்போரின் சிறந்த வாதமும் ஆகும். கருவி செய்வோரும் அவ்வழியையே நாடினர். மைக்ரோசாப்டு நிறுவனம் 2012-இல் ‘சர்பேசு’ என்னும் கருவியை வெளியிட்டபோது, அதன் மேலுறையையே விசைப்பலகையாக அமைத்தது. 2010-இல் ஐபேடு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்த ஆப்பிள் நிறுவனமும் 2015-இல் பெரிய ஐபேடு ஒன்றைச் செய்து, ஒட்டிக்கொள்ளும் விசைப்பலகையையும் எழுதுகோலையும் தனித்தனி விலைக்கு விற்றது. இவற்றுக்கெல்லாம் முன்னர், 1972-இலேயே அமெரிக்க அறிஞர் ஆலன் கே என்பார் ‘டைனாபுக்’ என்னும் கைப்பலகைக் கணினியை எழுத்தில் வரைந்து காட்டினார். சிறுவர் தம் கையில் ஏந்திச் செல்லத்தக்க அக்கருவியின் கீழ்ப்பகுதியில் விசைப்பலகை இருந்தது. அதில் சிறுவர் பிறர் ஆக்கியவற்றைக் காண்பதோடு, தாமே நிரல்களை எழுதுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே விசைப்பலகை சேர்ந்த கையடக்கக் கணினி மாணவர்க்கு உதவாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கருவி, விசைப்பலகை, எழுதுகோல், மேலுறை ஆகியவற்றின் விலைகளைக் கூட்டிப் பார்க்கும்போது, தொகை மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடும், சிலவற்றில் தாண்டியும்விடும். விலைக் குறைவை நம்பிக் கடைக்குச் சென்றவர்க்கு அதனால் ஆகும் பயன் யாது? அன்றியும், கல்லூரி மாணவர் கையில் பெரும்பாலும் கைப்பேசி ஒன்று முன்பே இருக்கிறது. மலிவான கையடக்கக் கணினி அக்கைப்பேசியின் பெரிய உடன்பிறப்பு. புதிதாக ஓர் ஆற்றலைத் தருவது அரிது.

யாவர்க்கும் மடிக்கணினியே வேண்டும் என்று அடித்துப் பேசுதலும் பொருந்தாது. வரலாறோ தமிழோ படிக்கும் மாணவர் சிலர், விடுதியிலேயே தங்கி, கல்லூரிக் கணினிக் கூடத்தை மாலைவரை பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்றிருக்கலாம். அவர்க்குப் படிப்பதற்கொரு கையடக்கக் கணினி போதும். பல்கலைக்கழகத் தேர்வுகள் இன்றும் மூன்று மணி நேரம் தாளில் பேனாவால் எழுதப்படுகின்றன. அந்நாளில் எக்கணினியும் உதவுவதில்லை என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர்.

கீரமங்கலத்து மாணவியின் நிலை அதுவன்று. அவள் கல்லூரியில் டாலி பழகும் கூடம் மாலையில் மூடப்படும். ஊர் செல்லும் பேருந்தும் ஏறத்தாழ அந்நேரத்திலேயே புறப்படும். கூடத்தில் முடியாத கணக்கை அவள் இரவில் வீட்டில் முடிக்கவேண்டும். விடியுமுன் பூப்பறிக்கவும் எழவேண்டும். கடைக்குச் செல்லுமுன் அத்துறையின் மூத்த மாணவி ஒருத்தியைக் கண்டு, மூன்றாமாண்டில் எந்தெந்த மென்பொருளில் வேலை வரும், எத்தனை பக்கம் எழுதவேண்டியிருக்கும் என்று கேட்டறிந்தாளாயின், தந்தை கையிலுள்ள பணம் மடிக்கணினிக்கே செல்லும். புதிய பெட்டி வாங்கப் பணம் போதாவிடின், நன்னிலையில் உள்ள பழைய பெட்டியே அவளுக்குத் தகும். அதன் எடை தோளை அழுத்தும் என்பது மெய்யே.