ஒரு நதி, ஒரு ஊர் போதும்

ஜெர்மனியில் தரமான ஒயினுக்கெனச் சட்டம் வரையறுத்த பகுதிகள் 13. அங்கே ஒயின் சுவைக்கப் போக நினைக்கும் பயணி வரைபடத்தை விரித்து நான்கைந்து பகுதிகளைக் குறித்துக்கொண்டு, வாடகைக் காரையும் பேசிவிடுவதுண்டு. அது வேண்டாம். ஒரு நதி, கரையில் ஒரு ஊர், நான்கு நாள். அவ்வளவு போதும்.

காரைத் தவிர்க்க முதல் காரணம் சட்டம். லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால் சேர்ந்தாலே அங்கே அபராதமும் ஓட்டத் தடையும் உண்டு. அப்படியானால், உடன் வந்தவர்களில் ஒருவர் கோப்பையைத் தொடாமல் நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். அவருக்கு அது என்ன பயணம்?

எந்த நதி என்று கேட்டால், மோசல். கோப்லென்ஸிலிருந்து ட்ரியர் செல்லும் ரயில் கோஹெம் ஊரைத் தாண்டியதும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்துக்குள் புகும். மறுமுனையில் வெளிச்சம் வரும்போது எல்லர் வந்துவிடும். அங்கிருந்து பிரெம் ஊர் வரை நதியை ஒட்டிச் சுவர்போல எழுந்து நிற்கிறது கால்மோன்ட் சரிவு. சில இடங்களில் 65 பாகை வரை சாய்வு. அதன் குறுக்கே இரும்பு ஏணிகளும் கம்பிக் கயிறுகளும் பதித்த நடைபாதை போகிறது. அந்தப் பாதையில் மூச்சு வாங்க ஒரு முறை நடந்த பிறகு, மாலையில் அதே சரிவின் ரீஸ்லிங் ஒயினைக் கோப்பையில் பார்க்கும் கண்ணே வேறு.

காலடியில் உடைந்து கிடப்பது சிலேட்டுக் கல். நம் பிள்ளைகள் பலப்பம் பிடித்து எழுதிய அதே சிலேட்டு. பகலில் வெயிலைக் குடித்து இரவில் வெப்பத்தைக் கக்கும். 50-வது அட்சரேகையின் குளிரில், தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங் திராட்சை இங்கே கனிவதற்கு இந்தக் கல்லும், தெற்கு நோக்கிய சரிவும் பெரும் துணை.

ஆனால் இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டி ஆளையும் கூடையையும் சுமக்கும்; கவாத்து முதல் அறுவடை வரை மீதி எல்லாம் கைவேலை. சமவெளித் தோட்டத்தைவிடப் பல மடங்கு உழைப்பு. விலை கட்டாததால் கைவிடப்பட்டுப் புதர் மண்டிய படிக்கட்டு வயல்கள் மோசல் கரையில் நிறையவே உண்டு. பயணி நேராக அந்த விவசாயியின் வீட்டுக்குப் போய் வாங்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

அதற்கு ஏற்ற இடம் ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட். தோட்டக்காரர் தன் வீட்டு முற்றத்திலோ களஞ்சியத்திலோ வருடத்தில் நான்கு மாதம் வரை மட்டும் நடத்தும் எளிய கடை அது. வாசலில் தழைக் கொத்தோ துடைப்பமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். தன் ஒயினும், ரொட்டியும், தொத்திறைச்சியும் வைப்பார். ஊற்றிக் கொடுப்பவரே கொடியை வெட்டியவர் என்பதால் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். பொங்கி நுரைக்கும் புது ஒயினும் வெங்காய கேக்கும் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் வீட்டார் மலையில் இருப்பார்கள். உட்கார்ந்து பேச விரும்புபவர் ஜூனில் போகலாம், கொடி பூக்கும் மாதம். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை. புட்டியில் ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பில்லாதது. அதில் தொடங்கி இனிப்பானதை நோக்கிப் போக வேண்டும். சுவைத்துவிட்டுத் துப்புவதில் கூச்சம் வேண்டாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள்.

இந்தியா திரும்பும் பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர்; முக்கால் லிட்டர் புட்டி என்றால் இரண்டுதான் அதற்குள் அடங்கும். அந்த இரண்டையும் விமான நிலையக் கடையில் வாங்காமல், செங்குத்துச் சரிவில் கூடை சுமக்கும் ஒரு குடும்பத்திடம் வாங்கி வாருங்கள்.