சாவி யார் கையில்?

திண்டுக்கல் பூட்டுக்கு நாடெங்கும் ஒரு மதிப்பு உண்டு. 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறு பட்டறையில் உட்கார்ந்து, இரும்பையும் பித்தளையையும் அரத்தால் ராவி, லீவர்களைக் கையாலேயே பொருத்தும் நம் தொழிலாளியிடம், "அண்ணே, சாவியே இல்லாத பூட்டு ஒன்று செய்து கொடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். திறக்க வழியில்லாதது பூட்டா?

பட்டறைத் தொழிலாளிக்குத் தெரிந்த இந்த எளிய உண்மை, டில்லியிலும் சென்னையிலும் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிந்தே மறைக்கிறார்கள். 'தடுப்புக்காவல்' என்று பெயர் சூட்டி அவர்கள் ஒரு பூட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் சாவி, பூட்டியவர் கையிலேயே இருக்கிறது.

குற்றம் செய்தவனைப் பிடிக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றப் பத்திரிகை வேண்டும். சாட்சி வேண்டும். வக்கீல் வைத்து வாதாடலாம். குற்றம் நிரூபணமானால் தண்டனை, இல்லையேல் விடுதலை. தடுப்புக்காவலில் இவை எதுவும் கிடையாது. "இவன் செய்தான்" என்று சொல்ல வேண்டியதில்லை. "இவன் இனிமேல் செய்யக்கூடும்" என்று ஓர் அதிகாரி கருதினாலே போதும்! வராத மழைக்கு வரி போடுவது போன்றது இது.

இந்தப் பூட்டு சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல. வெள்ளைக்காரக் கும்பினி விட்டுச் சென்ற சீதனம். நம் மாவட்டத்து விருப்பாச்சிப் பாளையத்தின் கோபால் நாயக்கர் கும்பினிப் படையை எதிர்த்துப் போராடி, 1801ல் தூக்குமேடை ஏறினார். அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களில் 70க்கும் மேற்பட்டோரை மறு ஆண்டே கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பியது கும்பினி. ராணுவம் வைத்ததே சட்டம் என்ற காலம் அது. பின்னர் 1819ல், விசாரணையின்றி ஆளை அடைத்து வைக்கச் சென்னை மாகாணத்துக்கென்றே ஓர் ஒழுங்குவிதி எழுதினார்கள். நூறாண்டு கழித்து வந்தது ரௌலட் சட்டம். அதை எதிர்த்து 1919ல் தேசமே கொதித்து எழுந்தது.

அப்படிக் கொதித்தவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். வந்ததும் என்ன செய்தார்கள்? 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. பிப்ரவரியில் தடுப்புக்காவல் சட்டம் வந்துவிட்டது! அதே பிப்ரவரி 11ம் நாள், சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு நடத்தி 22 கம்யூனிஸ்ட் கைதிகளைக் கொன்றார்கள். சிறையில் இருந்த தோழர் ஏ.கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். 1950 மே மாதம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: காவலின் காரணங்களை வெளியே சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவு மட்டும் செல்லாது, சட்டம் செல்லும். ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டு வந்த சட்டம் அது. ஒருநாள் விருந்தாளி ஊரோடு குடியேறியதுபோல, நீட்டித்து நீட்டித்து 1969 இறுதி வரை நாட்டில் குந்தியிருந்தது.

அது போய் ஈராண்டு ஆவதற்குள், 1971ல், மிசா வந்தது. வெளி எதிரிகளுக்காக, சதிகாரர்களுக்காக என்றார்கள். 1975 ஜூன் 25 இரவு அவசர நிலை பிரகடனமானதும், அந்தச் சட்டம் யார் மீது பாய்ந்தது? எதிர்க்கட்சித் தலைவர்கள் மீது, தொழிற்சங்கக்காரர்கள் மீது, மாணவர்கள் மீது, பத்திரிகையாளர்கள் மீது! மிசாவில் மட்டும் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டதாக ஷா கமிஷன் கணக்குச் சொன்னது. தமிழகத்தில் 1976 ஜனவரி 31ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, அடுத்து அந்தக் கழகத்தினர் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குள் தள்ளப்பட்டார்கள். சென்னை மத்தியச் சிறையில் அவர்கள் அடிபட்டதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது வரலாறு.

1976 ஏப்ரல் 28ம் நாளைத் தொழிலாளி மறக்கலாகாது. அன்றுதான் சுப்ரீம் கோர்ட், அவசர நிலையின்போது காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எதிர்த்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அதனால் அவருக்குத் தலைமை நீதிபதிப் பதவி கிடைக்காமல் போயிற்று. அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட் வெளிப்படையாகச் சொல்ல 2017 வரை ஆயிற்று. 41 ஆண்டு! உள்ளே இருந்தவனின் வயதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அவசர நிலை ஒழிந்தது; மிசாவும் ஒழிந்தது. ஆனால் பூட்டுப் பட்டறை மூடவில்லை. 1980ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 1982ல் தமிழகத்தின் சொந்தக் குண்டர் சட்டம். 1985ல் தடா. 2002ல் பொடா. 1967ல் பிறந்த ஊபா சட்டத்துக்கு 2004, 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் புதுப் பற்கள். இவற்றில் தடாவும் ஊபாவும் பெயரளவில் வழக்குச் சட்டங்கள். ஆனால் ஜாமீன் கதவை இறுக அடைத்துவிட்டு வழக்கை ஆண்டுக் கணக்கில் இழுத்தால், அதுவும் தடுப்புக்காவலன்றி வேறென்ன? திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் பிடித்தார்கள். வயது 80ஐத் தாண்டியவர். நடுக்குவாத நோயாளி. தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்காகக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ல் கைதியாகவே ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். விசாரணை தொடங்கவேயில்லை. அவர் குற்றவாளியா, இல்லையா? எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன பயன்?

சரி, இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று எந்தத் தோழரும் எண்ண வேண்டாம். நம் மாவட்டத்தில் குண்டர் சட்டம் எப்படி வேலை செய்கிறது? போலீஸ் சூப்பரிண்டெண்ட் சிபாரிசு செய்கிறார். கலெக்டர் கையெழுத்திடுகிறார். ஆள் மதுரைச் சிறையில். 12 மாதம் வரை வைக்கலாம். ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அதன் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். உத்தரவில் தாமதம், ஆவணத்தின் நகல் தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கவில்லை என்று கண்டு நீதிபதிகள் பல காவல்களை ரத்து செய்கிறார்கள். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. தோல் ஷாப்பில் தினக்கூலிக்குப் போகிறவரோ, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறவரோ ஆறு மாதம் உள்ளே இருந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? வேலை போகும். வட்டிக் கடன் ஏறும். பிள்ளையின் படிப்பு நிற்கும். காவல் செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், போன கூலிக்கு ஒரு காசு நஷ்ட ஈடு உண்டா?

"குண்டர்களுக்காகவா பரிந்து பேசுகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கத்தியைக் காட்டிக் கடைத்தெருவில் மாமூல் கேட்கிறவனால் முதலில் அவதிப்படுவது தள்ளுவண்டிக்காரரும் பூக்காரம்மாவும்தான்; அவர்கள் நம் மக்கள். அந்த ரவுடியைப் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், நிரூபித்துத் தண்டியுங்கள். நிரூபிக்கத் துப்பில்லாத போலீசுக்குக் குறுக்குவழி எதற்கு? இன்று ரவுடிக்கு வெட்டிய குறுக்குவழியில் நாளை யார் இழுத்துச் செல்லப்படுவார்?

ஆதாரம் இருக்கிறது. 2017ல் அ.தி.மு.க. ஆட்சியில், நெடுவாசல் போராட்டத்துக்குத் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. 2023 நவம்பரில் தி.மு.க. ஆட்சியில், செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடியவர்களில் 7 பேர் மீது அதே சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 6 பேர் மீதான உத்தரவை முதலமைச்சர் ரத்து செய்தார். ரத்து செய்தது நல்லது. ஆனால் மிசாவில் அடிபட்ட கழகத்தின் ஆட்சியில் அந்த உத்தரவு பிறந்ததே எப்படி? ஏர் பிடித்த கை எப்போது குண்டர் கை ஆயிற்று?

பூட்டுச் செய்கிறவர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2002 மார்ச்சில் பொடா மசோதாவை ஆதரித்த கூட்டணியில் ம.தி.மு.க.வும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக வைகோவே பொடாவில் கைதானார். 19 மாதம் வேலூர்ச் சிறை! ஏளனத்துக்காக இதைச் சொல்லவில்லை. பூட்டுக்கு நண்பன், பகைவன் தெரியாது என்பதற்காகச் சொல்கிறோம்.

போலீஸ் பூட்டே இப்படியென்றால் ராணுவப் பூட்டு எப்படி இருக்கும்? 1958ல் வந்த ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம், பிடித்தவரை விரைவில் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஆனால் மத்திய அரசின் அனுமதியின்றி ராணுவத்தார் மீது வழக்கும் போட முடியாது. அதை எதிர்த்து மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாநோன்பு இருந்தார். கடலுக்கு அப்பால் இலங்கையில், 1979ல் 'தற்காலிகம்' என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982ல் நிரந்தரமாயிற்று. அதில் ஆண்டுக் கணக்கில் வாடிய தமிழ் இளைஞர்கள் எத்தனை பேர்! சுதந்திரத்துக்கு ஊர்வலம் நடத்தும் அமெரிக்காவோ 2002ல் குவான்டனாமோவில் ராணுவச் சிறை திறந்து சுமார் 780 பேரை அடைத்தது. பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே கிடையாது. எந்த நாட்டிலும் கதை ஒன்றுதான்: அந்நியனுக்கு என்று தொடங்கும், அண்டை வீட்டானுக்கு வரும், முடிவில் நம் வாசற்படி ஏறும்.

ஆகவே நாம் கேட்பது என்ன? தடுப்புக்காவலைச் சற்றேனும் கட்டுப்படுத்த 1978ல் 44வது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி வைக்கக்கூடிய காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. குழுவை ஐகோர்ட் தலைமை நீதிபதியின் சிபாரிசுப்படி அமைக்கச் சொன்னது. அந்தப் பிரிவை எந்த ஆட்சியும் இன்றுவரை அமுலுக்குக் கொண்டுவரவில்லை. முதலில் அதைக் கொண்டு வாருங்கள். காவலில் உள்ளவருக்கு வக்கீல் உரிமை கொடுங்கள். போராடும் விவசாயி, தொழிலாளி, மாணவர் மீது குண்டர் சட்டம் போடுவதை நிறுத்துங்கள். செல்லாத காவலுக்கு நஷ்ட ஈடு கொடுங்கள். விசாரணையின்றி ஆளை அடைக்கும் சட்டமே இல்லாத நாடுதான் நம் இறுதிக் கோரிக்கை.

தோழர்களே! இதை மில் வாசல் கூட்டத்தில் பேசுங்கள்; தேநீர்க் கடையில் பேசுங்கள்; நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் கிளைக் கூட்டங்களில் விவாதியுங்கள். எதிரியின் ஆட்சியில் மட்டும் பேசி, நமக்கு வேண்டியவர் ஆட்சியில் வாய் மூடினால், நம் பேச்சுக்கு மக்களிடம் மதிப்பு இராது. நமக்குப் பிடிக்காதவன் உள்ளே இருக்கும்போதும் "சாவி யார் கையில்?" என்று கேட்டால்தான், நாளை நாம் உள்ளே இருக்கும்போது நமக்காகக் கேட்க வெளியே ஒருவர் இருப்பார்.