தொட்டில் கட்டினால் போதுமா?

காஞ்சீபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் ஒரு தூண் இருக்கிறது. சந்தான ஸ்தம்பம் என்று பெயர். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியிலும் இதே வேண்டுதல்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் மரங்களில் சின்னஞ்சிறு தொட்டில்கள் தொங்குகின்றன.

பிறக்காத பிள்ளைக்காக இப்படி மனம் உருகும் நாடு இது.

அதே நாட்டில்தான், வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் கருவைக் கலைத்தவர்கள் உண்டு. பிறந்த பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டியவர்களும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்தில் நடந்த அந்தக் கொடுமை 1986இல் பத்திரிகையில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு, தமிழ்நாட்டில் பெண் குழந்தைகள் 942 பேர். சேலம் மாவட்டத்தில் 851 பேர்தான்!

சாமி கும்பிடாதவர்களா இதைச் செய்தார்கள்? இல்லை. கும்பிட்டவர்களும் செய்தார்கள். அப்படியானால் உயிரைக் காப்பதில் பிரார்த்தனைக்கு என்னதான் வேலை?

வாசலில் நின்ற பிரார்த்தனை

கருவில் உள்ள உயிரைக் காக்க வேண்டும் என்று பல நாடுகளில் இயக்கம் நடக்கிறது. அதில் பிரார்த்தனைக்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2004இல், கருக்கலைப்பு நடக்கும் மருத்துவமனைக்கு முன்னால் நாற்பது நாள் பிரார்த்தனை நடத்தினார்கள். அந்த வழக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் இங்கிலாந்தில் வேறு விதமாயிற்று. அப்படிப்பட்ட மருத்துவமனைகளைச் சுற்றி 150 மீட்டருக்குள், உள்ளே போகிறவர்களின் மனத்தை மாற்றவோ, அவர்களுக்குத் தொல்லை தரவோ கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. "அன்பினால்தான் நின்றோம்" என்றார்கள் பிரார்த்தனை செய்தவர்கள். உள்ளே போன பெண்களுக்கோ, தங்களைக் குற்றவாளியாகப் பார்க்கிறார்கள் என்றே தோன்றியது.

கைகூப்பி நிற்பது நல்லதுதான். ஆனால் துன்பத்தோடு வருகிற பெண்ணுக்கு எதிரே நின்று கைகூப்பினால், அது கைநீட்டிக் குற்றம் சொல்வது போல ஆகிவிடுகிறது.

கை கொடுத்த பிரார்த்தனை

அன்னை தெரசாவும் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர்தான். 1979 டிசம்பரில் ஆஸ்லோ நகரில் நோபல் பரிசு பெற்றபோது, சொற்பொழிவைப் பிரார்த்தனையோடுதான் ஆரம்பித்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் போலீஸ் நிலையங்களுக்கும் சொல்லி அனுப்பியதைக் கூறினார். வேண்டாத குழந்தையை அழிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்பதே அந்தச் செய்தி.

அவர் கருத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் சுமையைத் தாமே ஏற்க முன்வந்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம் அரசாங்கமும் 1992இல் சேலத்தில் ஒரு தொட்டில் வைத்தது. வளர்க்க முடியாதவர்கள் பெண் குழந்தையைக் கொல்லாமல் அதில் விட்டுச் செல்லலாம். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் போயிற்று. பெற்றவர்களே பிள்ளையைக் கைவிட இது வழிகாட்டுகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் கள்ளிப்பாலுக்குத் தொட்டில் மேல் அல்லவா?

கோயில் மரத்தில் இருப்பது கேட்கும் தொட்டில். சேலத்தில் வைத்தது ஏற்கும் தொட்டில். இரண்டும் வேண்டும்.

நேர்த்திக்கடன் என்ன?

நம் பெரியவர்கள் பிரார்த்தனையைச் சும்மா விடவில்லை. வேண்டுதல் என்றால் நேர்த்திக்கடன் உண்டு. கேட்டவர் கடன்பட்டவர், கடனைத் தீர்க்காவிட்டால் தெய்வக் குற்றம்.

பிள்ளை வரம் கேட்டவர்களின் கடன் என்ன? மொட்டையும் பொங்கலும் மட்டுமா? பிறப்பது ஆணானாலும் பெண்ணானாலும் அணைத்துக் கொள்வதுதான் முதல் கடன். காமாட்சி ஒரு பெண். அந்தப் பெண் தெய்வத்திடம் போய், "பெண் வேண்டாம் தாயே" என்று கேட்பது எந்த நியாயம்?

மருமகளை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போய், "ஆணா, பெண்ணா?" என்று கேட்காதிருப்பது மாமியாரின் கடன். கேட்பதும் சொல்வதும் 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். வரதட்சணை கேட்காதிருப்பது பிள்ளையைப் பெற்றவர்களின் கடன். அந்தப் பயம்தான் பல பெண் சிசுக்களுக்கு எமனாயிற்று. மனைவியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது புருஷனின் கடன்.

அக்கம்பக்கத்துக்கும் கடன் உண்டு. கர்ப்பமாகித் தவிக்கும் பெண்ணை ஏசக் கூடாது. பெற்ற குழந்தையை வளர்க்க வழியில்லை என்றால், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் சட்டத்தில் உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. தாயின் உயிரும் உயிர்தான். சில நிலைமைகளில் டாக்டரின் ஆலோசனைப்படி கருவைக் கலைக்க 1971ஆம் வருஷச் சட்டம் இடம் தருகிறது. 2021இல் அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். அப்படி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவளைப் பழிப்பது பக்தி ஆகாது. அவளுக்காகவும் வேண்டிக்கொள்வதே பக்தி.

காஞ்சீபுரத்துக் கோர்வைப் புடவையை நெய்ய ஒருவர் போதாது. ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்வார். பக்கத்தில் ஒருவர் கரைக்கு நாடா தள்ளுவார். ஒருவர் மட்டும் உழைத்தால் கரை சேராது. பிரார்த்தனையும் அப்படித்தான். மனம் வேண்டட்டும், கை வேலை செய்யட்டும். இரண்டும் சேர்ந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.