தெர்மாகோலுக்குப் பதில் காளான்: கீழ் கோத்தகிரிக்கு இது ஏன் முக்கியம்?

பிளாஸ்டிக்கை விரட்டுவதில் நீலகிரி சீனியர். 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராகக் களமிறங்கிய மாவட்டம் இது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுக்கத் தடையான 14 வகைப் பொருட்களில் தெர்மாகோல் தட்டும் டம்ளரும் உண்டு. ஆனா, அதே மலைக்கு ஒரு புது டிவி வந்தால், பெட்டிக்குள் இரண்டு பக்கமும் தெர்மாகோல் கம்முனு உட்கார்ந்திருக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காரணம் சிம்பிள். அந்த இடத்தில் வைக்க வேறு பொருள் கையில் இல்லை.

அந்த வேறு பொருள்தான் மைசீலியம். காளான் என்று நாம் பறித்துச் சமைப்பது வெளியே தெரியும் குடை மட்டுமே. அதற்கு அடியில் வெள்ளை நூல் மாதிரி பரவிக் கிடக்கும் இழைதான் மைசீலியம். மரத்தூள், வைக்கோல், பழைய அட்டை என ஏதாவது ஒரு கழிவை வேகவைத்து, ஆறியதும் காளான் வித்து கலந்து, வேண்டிய வடிவ அச்சில் அடைத்து வைத்தால் போதும். சில நாட்களில் இழைகள் ஊடுருவி எல்லாவற்றையும் ஒரே கட்டியாக இறுக்கிவிடும். பிறகு சூட்டில் உலர்த்தினால் பூஞ்சணம் செத்துவிடும், கட்டி நிற்கும். வேலை முடிந்ததும் உடைத்துத் தோட்டத்தில் போட்டால் மக்கிவிடும். சிப்பிக் காளான் வளர்த்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே அத்துப்படி.

அமெரிக்காவின் எகோவேட்டிவ் நிறுவனம் 2007-லேயே இதைத் தொழிலாக்கியது. 2011-ல் டெல் கம்பெனி தன் சர்வர்களை இப்படிப் பேக் செய்து பார்த்தது. நம்மூரில், சென்னை ஐஐடி பேராசிரியர் லட்சுமிநாத் குந்தனட்டியின் குழு 2025-ல் வெளியிட்ட ஆய்வில், அட்டைக் கழிவில் வளர்த்த கேனோடெர்மா கட்டி, அழுத்தம் தாங்குவதில் தெர்மாகோலையே முந்தியது. காளான் ‘லெதர்’ ஹேண்ட்பேக் செய்திகள்தான் இன்ஸ்டாவில் அதிகம் ஓடின. ஆனால் அந்த வகையில் பெரிதாகப் பேசப்பட்ட ‘மைலோ’வின் தயாரிப்பு 2023-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஃபேஷனை விடுங்க, பேக்கிங்தான் காளானுக்கு ஏற்ற வேலை.

சரி, இதில் கீழ் கோத்தகிரி எங்கே வருகிறது?

பேக்கிங் கட்டி எடை குறைவு, இடம் அதிகம். சமவெளியில் செய்து மலையேற்றினால் லாரி வாடகை கொடுத்துக் காற்றை ஏற்றி வருகிற கதைதான். கழிவும் அப்படியே. ஆகவே கழிவு எங்கே கிடக்கிறதோ, பெட்டி எங்கே தேவையோ, அங்கேயே செய்தால்தான் கணக்கு கட்டுபடியாகும். கோத்தகிரி வட்டாரத்தில் இரண்டுமே இருக்கின்றன. மரத்தூள் உண்டு, கவாத்து செய்த தேயிலைக் குச்சி உண்டு. தேனும் யூகலிப்டஸ் தைலமும் கண்ணாடி பாட்டிலில் கூரியர் ஏறுகின்றன. உலர்த்தும் சூட்டுக்குத் தேயிலை ஃபேக்டரிகள் இருக்கின்றன. உணவுப் பொருள் ஓடும் டிரையரில் பூஞ்சணத்தை நுழைக்கக் கூடாது. ஆனால் கொழுந்து வரத்து குறையும் மாதங்களில் ஹீட்டரின் சூட்டைத் தனி அறைக்குத் திருப்பலாம். இன்கோசர்வ் கூட்டுறவு ஃபேக்டரிகளில் ஒன்று முயன்றாலே போதும். பச்சைத் தேயிலைக்கு கிலோ 33.50 ரூபாய் கேட்டு 2023-ல் உண்ணாவிரதம் இருந்த சிறு விவசாயிகளுக்கு, கழிவிலிருந்து வரும் சில்லறை வருமானமும் பெரிசுதான்.

சிக்கல் இல்லாமல் இல்லை. ஃபேக்டரியின் தேயிலைக் கழிவை நினைத்தபடி அள்ளிப் போக முடியாது. 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவு கட்டுப்பாட்டு ஆணைப்படி வாங்க, விற்க, வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். கலப்படத் தூளைத் தடுக்க வந்த நல்ல விதிதான், ஆனால் பேக்கிங் செய்பவருக்கு எளிய வழி ஒன்றைத் தேயிலை வாரியம் திறந்துவிட வேண்டும். அடுத்து, பூஞ்சணத் தேர்வு. தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவது இதே கேனோடெர்மாதான். சூட்டில் செத்த கட்டியால் ஆபத்தில்லை என்றாலும், தோட்டங்களுக்கு நடுவே அதை உயிரோடு வளர்ப்பது வேண்டாத வேலை. இங்கே சிப்பிக் காளானே பாதுகாப்பு. வலு கொஞ்சம் குறைந்தாலும், ஒரு தேன் பாட்டிலைத் தாங்கினால் போதுமே!

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லன் ஈரம். மைசீலியம் கட்டி தண்ணீரை உறிஞ்சும். கீழ் கோத்தகிரியில் மூடுபனியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் துணியே காயாது. அதனால் சோதனையைச் சென்னையின் ஏசி லேபோடு முடித்துவிடக் கூடாது. நவம்பரில் ஒரு மாதம் முழுக்கக் கீழ் கோத்தகிரி குடோனில் கட்டிகளை அடுக்கி வைத்து, அப்புறம் அதில் பாட்டிலை வைத்து மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் இறக்கிப் பார்க்கணும்.