நட்பு பஸ் ஸ்டாப் வரைக்கும்தானா?

கயத்தாறு பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் நாலரை மணிக்கு நின்று பாருங்கள். பள்ளி வாசலில் இருந்து தோளில் கைபோட்டு வரும் பையன்கள், டவுன் பஸ் வந்ததும் பிரிந்துவிடுகிறார்கள். முன்படி ஓர் ஊர், பின்படி ஓர் ஊர். ஊர் என்று சொல்கிறோம், அதற்கு என்ன பொருள் என்று படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் வகுப்பு வரை ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட பிள்ளைகள்தான். ஒன்பது, பத்துக்கு வரும்போது கையில் கலர் கயிறு ஏறுகிறது. இந்தக் கயிறைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. கோயில் கொடையில் மாமனோ சித்தப்பாவோ கட்டிவிட்டதுதான். பெரியவர்கள் கட்டிவிட்டுப் பையன்களைக் குறை சொல்வது நியாயம் இல்லை. 2019-இல் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார்.

நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த பட்டியலின மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வந்தவர்கள் வெளியூர் ரவுடிகள் அல்ல, அதே பள்ளியில் படித்தவர்கள். வெட்டு விழுவதற்கு முன்பே அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் இருந்து கேட்டபிறகே விஷயம் வெளியே வந்தது. ஒருவனைத் தினமும் வேலை ஏவுவதும் பெயர் சொல்லிக் கேலி செய்வதும் வாத்தியாருக்குத் தெரியாமல் நடக்கலாம். பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாமல் நடக்காது. பக்கத்து பெஞ்சுக்காரன் ஏன் பேசவில்லை? அவனும் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

நம் மாவட்டத்துக் கதையும் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பிளஸ் 1 தேர்வு எழுத பஸ்ஸில் போன பட்டியலின மாணவரை வழிமறித்து இறக்கி, விரல்கள் துண்டாகும் அளவுக்கு வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டு எல்லோரையும் ஒன்றாக்கும் என்று ஆண்டு விழா மேடையில் பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும். எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் 2023-இல் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தொடவில்லை. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு இது தானாகத் தோன்றுமா?

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டுத் தடையைப் பற்றித்தான் டிவியில் சண்டை நடந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, யாரும் சண்டை போடாத ஒரு சின்ன வரி: மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்பது. இதற்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம். மாரியப்பனும் முத்துராஜும் முருகேசனும் ஒரே பெஞ்சில் ஒரு வருடம் உட்கார்ந்தால் கணக்கு நோட்டாவது கைமாறும். இஷ்டத்துக்கு உட்காரட்டும் என்று விட்டால் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். இதை எந்த வாத்தியாரும் திங்கட்கிழமை காலையிலேயே செய்யலாம்.

இன்னொன்று உதவித்தொகைப் படிவம். "எஸ்.சி. பசங்க எந்திரிங்க" என்று வகுப்பில் ஒரு குரல் வருமே, அதில்தான் பல நட்புகள் முதலில் முறிகின்றன. அதுவரை கபடி ஆடுகிறவன், பாட்டுப் பாடுகிறவன் என்று தெரிந்தவன், அந்த நிமிடத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். எழுந்து நிற்கும் பிள்ளை தலையைக் குனிகிறது, உட்கார்ந்திருக்கும் நண்பன் வேறுபக்கம் பார்க்கிறான். அது சலுகை இல்லை, உரிமை. ஆனாலும் தனியாக அழைத்துக் கொடுக்க வேண்டிய தாள் அது.

மாணவர்களே, பக்கத்தில் இருப்பவனுக்கு நடப்பதை நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள். பெயர் போட்டுச் சொல்லப் பயமாக இருந்தால் 'மாணவர் மனசு' பெட்டியில் போடலாம். 14417-க்கும் 1098-க்கும் போன் செய்யலாம். அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள் என்பதைக் கேட்கவேண்டியது பெற்றோர்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருத் தாய்மாரும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வராமல், அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். பெஞ்சு வரிசையை யார் போட்டது? படிவத்தை எங்கே வைத்துக் கொடுக்கிறீர்கள்? பெட்டியைக் கடைசியாக என்றைக்குத் திறந்தீர்கள்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.